அனற்காற்றை விலைபேசியவர்

நாவலப்பிட்டி வரை 1874ஆம் ஆண்டில் வந்து நின்ற இருப்புப்பாதை, மலைகளைக் குடைந்தும் வளைத்தும் ஏறி, நானுஓயாவை அடைந்தது 1885ஆம் ஆண்டு மே மாதத்திலாகும். அந்நாள் முதல் ரதெல்ல, கிளாசோ, டெஸ்போட் முதலிய சுற்றுப்புறத் தோட்டங்களுக்கு நானுஓயா நிலையமே வாயிலாயிற்று. இந்நிலையத்திலிருந்து கீழிறங்கிச் சென்ற தேயிலைப் பெட்டிகளைப் பற்றிச் சரித்திர நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மேலேறி வந்தவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அரிசி மூடைகள் வந்தன. துரைமார் பங்களாக்களுக்கு வேண்டிய பண்டங்கள் வந்தன. இவற்றோடு இரும்பும் வந்தது. உலைகள், குழாய்கள், உருளைகள், பற்சக்கரங்கள் எனத் துண்டு துண்டாகக் கடல் கடந்து வந்த இரும்பு, தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலே மீண்டும் பொருத்தப்பட்டு இயந்திரமாக உயிர்பெற்றது. மலைநாட்டின் பழைய தொழிற்சாலைகள் பலவற்றில் அந்த இரும்பின் மீது ஒரு பெயர் காணப்பட்டது. 'சிரொக்கோ' என்பது அப்பெயர்.

ஆபிரிக்கப் பாலைநிலத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் அனற்காற்றுக்குச் சிரொக்கோ என்று பெயர். அதனைத் தன் இயந்திரத்துக்குச் சூட்டியவர் சாமுவேல் கிளிலண்ட் டேவிட்சன் என்னும் அயர்லாந்துக்காரர். கணினியாலும் கைத்தொலைபேசியாலும் பெருஞ்செல்வம் ஈட்டிய அமெரிக்கக் கோடீசுவரர்களின் வரலாறுகள் இன்று தமிழிலும் நூல்களாக வந்து குவிகின்றன. அவற்றிலிருந்து தொழில் நுணுக்கங்களைக் கற்க வேண்டும் என்று இளைஞர்களுக்குச் சொல்லப்படுகிறது, கற்பதில் தவறொன்றுமில்லை. ஆயினும் ஒரு கருவியைக் கண்டுபிடித்து, அதனைத் தானே செய்து, தானே விற்று, உலகெங்கும் பரப்பிய ஒரு மனிதரின் கதை மலைநாட்டு இளைஞனின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஸ்டோருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அக்கதையில் கற்க வேண்டியது உண்டு. கேள்வி கேட்க வேண்டியதும் உண்டு.

டேவிட்சன் 1846ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பெல்பாஸ்ட் நகருக்கு அண்மையிலே பிறந்தவர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே முடித்துக்கொண்டு, பொறியியலாளர் ஒருவரின் காரியாலயத்திலே சிறிது காலம் தொழில் பயின்றார். 1864இல், பதினேழு வயது இளைஞராக, வங்காளத்துக்கு அப்பாலுள்ள கச்சார்ப் பிரதேசத்துக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருடைய தந்தையார் பங்கு வாங்கியிருந்தார். இளைஞர் தோட்டத்திலே உதவியாளராகச் சேர்ந்தார். இலங்கைத் தோட்டங்களின் வழக்கிற் கூறினால், 'சின்ன துரை'யாகப் போனார்.

அவர் சென்ற காலம் விசித்திரமானது. அசாமிலும் கச்சாரிலும் தேயிலை நட்டால் பொன் விளையும் என்று நம்பி, காட்டையும் மேட்டையும் காணாமலே மக்கள் பணத்தைக் கொட்டிய காலம் அது. நடப்படாத தோட்டங்கள்கூடக் கல்கத்தாவிலும் லண்டனிலும் விலைபோயின. 1865, 1866ஆம் ஆண்டுகளிலே அந்தக் குமிழி உடைந்தது. கூட்டுக் கம்பெனிகள் பல வீழ்ந்தன. தோட்டங்கள் காடாகத் திரும்பின. எஞ்சி நின்றவர்களுக்கு இரண்டே வழிகளிருந்தன. ஒன்று, செலவைச் சுருக்க வேண்டும். மற்றது, தேயிலையின் தரத்தை உயர்த்த வேண்டும். டேவிட்சன் எஞ்சி நின்றவர்களுள் ஒருவர். அவர் முகாமையாளராக உயர்ந்து, காலப்போக்கில் தோட்டத்துக்கு உரிமையாளருமானார். ஆகவே அங்கே உண்டான ஒவ்வொரு நட்டமும் அவருடைய சொந்தப் பையிலிருந்தே போயிற்று. மாதச் சம்பளம் பெறும் துரைக்கும் இவருக்குமிருந்த வேறுபாடு இதுவே. பின்னர் நிகழ்ந்தவற்றுக்கெல்லாம் வித்தும் இதுவே.

அக்காலத்தில் தேயிலை எவ்வாறு உலர்த்தப்பட்டது என்பதைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். பறித்த கொழுந்தின் எடையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நீராகும். வாட்டும்போது ஒரு பகுதி போகும். சுருட்டி நொதிக்க வைத்த இலை உலர்த்த வரும்போது, அதன் எடையில் ஏறத்தாழப் பாதி இன்னும் நீராகவே இருக்கும். அதனை நூற்றுக்கு மூன்று பங்களவுக்குக் குறைத்தால்தான் தேயிலை கெடாது. அது மட்டுமன்று, நொதித்தல் எந்தக் கணத்தில் நிற்க வேண்டுமோ அந்தக் கணத்தில் இலையைச் சூடுகாட்டி நிறுத்தவும் வேண்டும். பிந்தினால் சாயம் மந்தமாகும்; முந்தினால் பச்சை வாடை நிற்கும்; சூடு மிஞ்சினால் கருகும்.

இவ்வளவு நுட்பமான வேலை, சீனத்திலிருந்து வந்த முறைப்படி, கரி நெருப்பின் மீதே நடைபெற்றது. தரையிலோ மண் அடுப்பிலோ மரக்கரியைத் தணலாக்கி, அதன் மேலே மூங்கில் தட்டுகளிலோ கம்பி வலைத் தட்டுகளிலோ இலையைப் பரப்பி, தொழிலாளர் கையாலே கிளறிக் கிளறி உலர்த்தினர். நாளெல்லாம் தணலருகே குனிந்து நின்றவர்களின் கண்களும் நெஞ்சும் பட்ட பாட்டை ஒருவரும் கணக்கில் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கப்பட்டவை வேறு. முதலாவது, கரியின் செலவு. விறகை மூட்டம்போட்டுக் கரியாக்கும்போதே அதிலுள்ள எரிசக்தியிற் பெரும்பகுதி வீணாய்ப் போகிறது. ஆகையால் ஒரு தோட்டம் தேயிலைக்காகத் தன்னைச் சுற்றியுள்ள காட்டைத் தின்று தீர்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது, வாடை. தேயிலை எதன் பக்கத்தில் இருந்தாலும் அதன் மணத்தை வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. தணலில் ஒரு துண்டு சரியாகக் கரியாகாத விறகாயிருந்தால், அதன் புகை லண்டன் சந்தையிலே சுவை பார்ப்பவரின் நாவரை சென்று விலையைக் குறைத்துவிடும். மூன்றாவது, ஒழுங்கின்மை. இன்று நன்றாக வந்த தேயிலை நாளை வேறுவிதமாக வந்தது.

டேவிட்சன் கண்ட வழி, கேட்டபின் எளிதாகத் தோன்றுவது. இலைக்கு வேண்டியது சூடு, நெருப்பு வேண்டுவதில்லை. ஆகவே நெருப்பை ஓரிடத்திலும் இலையை வேறிடத்திலும் வைத்து, இரண்டுக்குமிடையே காற்றைத் தூதனுப்பினால் என்ன? இரும்புக் குழாய்களுக்கு வெளியே நெருப்பு எரியும். அதன் புகை புகைபோக்கி வழியே வெளியேறும். குழாய்களுக்கு உள்ளே சுத்தமான காற்று புகுந்து, சூடேறி, இலேசாகி, தானாகவே மேலெழும். மேலே அடுக்கியுள்ள தட்டுகளின் ஊடே அது செல்லும்போது இலையின் ஈரத்தை ஏற்றிக்கொண்டு போகும். நெருப்பின் புகை இலையைத் தீண்டுவதேயில்லை. எனவே கரிதான் எரிக்க வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. விறகை விறகாகவே எரிக்கலாம், நிலக்கரி கிடைத்தால் அதனையும் எரிக்கலாம். சூட்டை அளக்கலாம், கூட்டலாம், குறைக்கலாம்.

இக்கருத்தை அவர் பலமுறை பரிசோதித்தது சொந்தத் தோட்டத்தின் கொழுந்தைக் கொண்டே. கெட்டால் கெட்டது தம்முடைய தேயிலை என்னும் துணிவு அதற்கு வேண்டியிருந்தது. 1874இல் அவர் பெல்பாஸ்டுக்குத் திரும்பினார். தேயிலை பயிரிட்டு வாழ்வதை விட்டு, தேயிலை செய்வோருக்குக் கருவி செய்து கொடுப்பதைத் தொழிலாக்கிக்கொள்ளத் துணிந்தார். தொடக்கத்திலே தம் இயந்திரங்களை அந்நகரிலிருந்த வேறொரு பொறித்தொழிற்சாலையில் செய்வித்தார். 1877இல் அவருடைய உலர்த்திக்குக் காப்புரிமை கிடைத்தது. 1881இல், விரல்விட்டு எண்ணத்தக்க சில தொழிலாளருடன், சொந்தமாகவே சிரொக்கோ பொறித்தொழிற்சாலையைத் தொடங்கினார். பிறரிடம் செய்வித்த நாலாண்டு அனுபவம் வீணாகவில்லை. எந்தப் பாகம் அடிக்கடி பழுதாகிறது, எங்கே செலவு கூடுகிறது என்பதையெல்லாம் சொந்தத்திலே கட்டடம் கட்டுமுன்னரே அறிந்துகொண்டார். கடன் வாங்கி முதலிலே கட்டடத்தைக் கட்டிவிட்டுப் பிறகு செய்யும் பொருளைப் பற்றி யோசிக்கும் வழக்கம், அக்காலத்திலும் இருந்தது. இக்காலத்திலும் இல்லையென்று சொல்வதற்கில்லை.

காப்புரிமையைப் பற்றியும் ஒரு சொல். ஒருவர் தம் கண்டுபிடிப்பின் இரகசியத்தை ஊரறிய எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கைம்மாறாக, ஒரு குறித்த காலம்வரை வேறெவரும் அதனைச் செய்து விற்கக்கூடாதென அரசாங்கம் தடுத்து நிற்கும். அந்நாளைய பிரித்தானியச் சட்டத்தில் அக்காலம் பதினான்கு ஆண்டுகள். பதினைந்தாம் ஆண்டில் யாரும் செய்யலாம். ஆகவே கண்டுபிடித்தவர் ஒரு கண்டுபிடிப்பின் நிழலில் வாழ்நாள் முழுவதும் படுத்திருக்க முடியாது. டேவிட்சன் படுக்கவில்லை. அனற்காற்று கீழிருந்து மேலே செல்லும் உலர்த்தியை அடுத்து மேலிருந்து கீழே செல்வதைச் செய்தார். தட்டுகளைக் கையால் மாற்ற வேண்டியிருந்ததை இயந்திரமே நகர்த்தும்படி செய்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தோட்டங்களிலிருந்து வந்த முறைப்பாடுகளே வழிகாட்டின. தோட்டத்திலே வாழ்ந்த மனிதராகையால், முறைப்பாட்டைக் கேட்டதுமே அதன் மெய்யான பொருள் அவருக்கு விளங்கியிருக்கும்.

இனி இலங்கைக்கு வருவோம். 1869இல் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பயிர் அடியோடு சரிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், கண்டிக்குத் தெற்கேயுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவரும் நுண்ணறிவு படைத்த கைவினைஞர். தம் பங்களா விறாந்தையிலே மேசைகளைப் போட்டு, தொழிலாளரைக் கொண்டு இலையைக் கையாலே உருட்டுவித்து, மண் அடுப்புகளில் கரித்தணலின் மீது உலர்த்தித் தேயிலை செய்தார். 1872இல் உருட்டும் இயந்திரமொன்றும் அமைத்துத் தொழிற்சாலையை முழுமையாக்கினார். 1873இல் இலங்கையிலிருந்து லண்டனுக்குச் சென்ற தேயிலை இருபத்துமூன்று இறாத்தல். அது 1880இல் 81 தொன்னாயிற்று. 1890இலோ 22,900 தொன்னாயிற்று!

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்தே ஆண்டுகளில் ஏற்றுமதி ஏறத்தாழ இருநூற்றெண்பது மடங்காகப் பெருகியது. விறாந்தை மேசையும் கரி அடுப்பும் இதனைத் தாங்கியிரா. கோப்பியால் நொடித்துப்போன தோட்டக்காரர் தேயிலைக்கு மாறிய அதே ஆண்டுகளில், பெல்பாஸ்டிலே சிரொக்கோ தொழிற்சாலை இயந்திரங்களைச் செய்து அடுக்கிக்கொண்டிருந்தது. உருட்டும் இயந்திரத்திலே வில்லியம் ஜாக்சன் பெயர்பெற்றிருந்தார். அவருடைய இயந்திரங்களை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரிலுள்ள மார்ஷல் கம்பெனியார் செய்தனர். கண்டியிலே ஜோன் வோக்கர் 1854இல் கோப்பி இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தொடங்கிய தொழில், தேயிலை இயந்திரத் தொழிலாக மாறி வளர்ந்தது. கோப்பி அழிந்தபோது கோப்பித் தோட்டக்காரர் பலர் நொடித்தனர். கோப்பி இயந்திரம் திருத்தியவரோ நொடிக்கவில்லை. பயிருக்கு நோய் வரும். கைத்திறனுக்கு அந்த நோய் வருவதில்லை.

டேவிட்சனையும் டெய்லரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது. இருவரும் இளமையிலேயே கீழைத்தேசத்துக்கு வந்தனர். இருவரும் தேயிலையைக் கையாலே தொட்டுக் கற்றனர். டெய்லர் 1852இல் வந்து, நாற்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் இருந்து, 1892இல் அங்கேயே காலமானார். நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட ஒரே நீண்ட விடுமுறை 1874இல் டார்ஜிலிங் சென்றது. அதுவும் தேயிலையைப் பற்றிக் கற்பதற்காகவே. தாம் கண்டறிந்ததை வந்து கேட்டவர்க்கெல்லாம் காட்டினார். செல்வம் சேர்க்கவில்லை. டெய்லர் இறந்த காலத்திலோ, 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தம் கடைகளிலே மலிவாக விற்று உலகப் புகழ் எய்திக்கொண்டிருந்தார். டெய்லருக்குச் செய்யத் தெரிந்தது. லிப்டனுக்கு விற்கத் தெரிந்தது. டேவிட்சனுக்கு இரண்டும் தெரிந்திருந்தன. ஆயினும் மூவருள் மனிதத் தன்மையால் உயர்ந்தவர் யாரென்று கேட்டால், மலைநாட்டார் பலர் டெய்லரின் பெயரையே சொல்லக்கூடும். வர்த்தகத்தின் தராசு வேறு, மக்கள் மனத்தின் தராசு வேறு.

டேவிட்சனின் வாழ்விலே மிகச் சிறந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அனற்காற்று தானாக எழுவதை நம்பியிருந்தால் உலர்த்தியின் வேகம் ஓரளவுக்கு மேல் போகாது. காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு விசிறி வேண்டும். அக்காலத்து மையநீக்க விசிறிகளில் ஒரு சில நீண்ட அலகுகளே இருந்தன. அவை பெரியனவாயிருந்தும் தள்ளிய காற்றோ குறைவு. டேவிட்சன் பல மாதிரிகளைச் செய்து பார்த்து, வழக்கத்துக்கு நேர்மாறான வடிவத்தை அடைந்தார். உருளையின் விளிம்பைச் சுற்றிலும் ஒடுக்கமான, ஆழங்குறைந்த அலகுகளை நெருக்கமாக வைத்தார். அவற்றைச் சுழலும் திசையை நோக்கி முன்புறமாக வளைத்தார். சிறிய உடம்பிலிருந்து பெருங்காற்று பிறந்தது. 1898இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் அவருடைய தொழில் வரையறுத்த கம்பெனியாகவும் பதிவாயிற்று.

தேயிலைக்காகச் செய்த விசிறியைத் தேயிலையோடு நிறுத்தியிருந்தால் அவர் ஒரு நல்ல இயந்திரக்காரராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். சுரங்கத்தில் நச்சுக்காற்றை வெளியேற்றவும், கப்பலின் அடித்தட்டிலே கொதிகலன்களுக்குக் காற்றூட்டவும், தொழிற்சாலைகளில் தூசியை அகற்றவும் வேண்டியிருப்பது இதே விசிறியே என்பதை அவர் கண்டார். தம்மைத் தேயிலை இயந்திரம் செய்பவராக எண்ணாமல், காற்றை நகர்த்துபவராக எண்ணிக்கொண்டார் என்று சொன்னால் பொருந்தும். பெல்பாஸ்டிலேயே கட்டப்பட்ட 'டைட்டானிக்' கப்பலிலும் சிரொக்கோ விசிறிகள் இருந்தன. அக்கப்பல் 1912இல் மூழ்கியதற்கு விசிறிகளைக் குறைகூறுவாரில்லை. இன்றும் குளிரூட்டிய பேருந்திலும் காரியாலயத்திலும் மறைவாக நின்று காற்றைத் தள்ளுவது பெரும்பாலும் இவ்வடிவ விசிறிதான். பொறியியல் நூல்களில் அதற்குச் சிரொக்கோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. கச்சாரின் கரி அடுப்பிலே தொடங்கிய ஒரு தொல்லை எங்கே போய் முடிந்திருக்கிறது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

அவருடைய முதுமை துயரமற்றதாக இருக்கவில்லை. தந்தையின் தொழிலில் துணைநின்ற மகன் ஜேம்ஸ், 1916ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள், பிரான்சில் சொம் நதிக்கரைப் போரிலே உயிரிழந்தார். 1921இல், வட அயர்லாந்துப் பாராளுமன்றத்தைத் திறந்துவைக்கப் பெல்பாஸ்ட் வந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் டேவிட்சனுக்குச் 'சேர்' பட்டம் வழங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார். தொழிற்சாலையோ அவருக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நடந்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே மூடப்பட்டது.

இதுவரை கூறியவை புகழ்ச்சிக்குரியன. ஆயின் சரித்திரம் படிப்போர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. டேவிட்சனும் ஜாக்சனும் வோக்கரும் சேர்ந்து, தேயிலைத் தொழிலின் எந்தப் பாகத்தை மாற்றினர்? ஸ்டோரின் நான்கு சுவர்களுக்கு உள்ளே உள்ளதையே மாற்றினர். உருட்டுவதும் உலர்த்துவதும் சலிப்பதும் இயந்திரத்துக்குப் போயின. சுவருக்கு வெளியே, மழையிலும் பனியிலும் மலைச்சரிவிலே நின்று, தலையிலே கயிறு மாட்டிய கூடையை முதுகிற் சுமந்து, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கொழுந்தெடுத்த பெண்ணின் வேலை அப்படியே இருந்தது. 1870இல் எடுத்தது போலவே 1970இலும் எடுத்தாள். பிரட்டுக்களத்திலே பெயர் கொடுத்து, கொழுந்து மடுவத்திலே நிறை போட்டு, லயத்துக்குத் திரும்பும் அவளுடைய நாளிலே, நூறு ஆண்டுகளாக ஒரு கண்டுபிடிப்பும் நுழையவில்லை.

அது ஏன்? கொழுந்தெடுப்பது இயந்திரத்துக்கு அரிய வேலை என்பது ஒரு விடை, அதில் உண்மையுண்டு. முதிர்ந்த இலையையும் இளங்கொழுந்தையும் பிரித்தறியும் விரலுக்கு ஈடான இரும்பு எளிதிற் கிடைப்பதன்று. ஆனால் அது முழு விடையாகாது. ஜப்பானிலே, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, இலையைத் தாங்கும் பை பொருத்திய கொழுந்துக் கத்தரி வழக்கத்துக்கு வந்துவிட்டது. அங்கே சிறு நிலத்தின் உரிமையாளனே பல இடங்களிலே தானும் கொழுந்தெடுத்தான். கை வலித்தது அவனுக்கு; ஆகவே கருவியைத் தேடியதும் அவனே. டேவிட்சன் கரிப்புகைக்கு மாற்றுத் தேடியது போன்ற செய்கைதான் இதுவும். புகை அவருடைய தேயிலையைக் கெடுத்தது. ஆகவே புகைக்கு முடிவு வந்தது. மலைநாட்டுத் தோட்டத்திலோ கூடையின் பாரம் உரிமையாளரின் முதுகில் ஏறவில்லை. பாரத்தை அறிந்தவளிடம் பட்டறை இல்லை, பணம் இல்லை, காப்புரிமைக் காரியாலயத்துக்கு எழுதும் எழுத்தும் இல்லை. கொழுந்து எடுக்கும் கூலி மலிவாக இருந்தவரை, அதற்கு ஒரு கருவி வேண்டுமென்று முதலாளிக்குத் தோன்றவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மலிவான கூலி கண்டுபிடிப்பின் பகைவன் என்பது பொருளாதாரத்திலே பழைய உண்மை.

எழுத்து இல்லாமற் போனதும் தற்செயலாக நிகழ்ந்ததன்று. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டம் செய்யப்பட்டிருந்தும், பல தோட்டங்களிலே பாடசாலை என்பது ஓர் ஆசிரியரும் ஒரே அறையுமாகவே நெடுங்காலம் நின்றது. 1948ஆம் ஆண்டின் சட்டத்தினால் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் பிரசாவுரிமையை இழந்தனர். நிலமோ வீடோ சொந்தமாயில்லாதவனுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் இருக்கவில்லை. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. பதினேழு வயதிலே டேவிட்சனிடம் இருந்தவை என்னவென்று எண்ணினால், பொறியியற் காரியாலயத்துப் பயிற்சி, தந்தையின் பங்குமுதல், தோற்றால் திரும்பிப் போக ஒரு வீடு ஆகியன வந்து நிற்கும். அவருடைய மதிநுட்பமும் உழைப்பும் இவற்றால் குறைந்துவிடுவதில்லை. ஆனால் மதிநுட்பம் ஒன்றே போதும் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் வெற்றி நூல்கள், இந்தப் பட்டியலை ஏனோ விட்டுவிடுகின்றன.

தொழில்நுட்ப அறிவு மலைநாட்டுத் தமிழரிடம் இல்லாமலிருந்ததா என்றால், இல்லை என்று கூறுவது பெரும் பிழையாகும். வெள்ளைக்காரன் கொண்டுவந்த இயந்திரத்தை இரவும் பகலும் ஓட்டியவர் யார்? உலர்த்தியின் உலைக்கு விறகு போடுபவர், சுவாலையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே சூடு எவ்வளவென்று சொல்லிவிடுவார். வாயிலிருந்து விழும் தேயிலையை உள்ளங்கையிலே அள்ளி முகர்ந்து, இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும் என்று சொல்லும் மூக்கு, வெப்பமானியைவிடச் சற்று முந்தியே சொல்லும். தேய்ந்த பாகத்துக்கு மாற்று வெளிநாட்டிலிருந்து வரத் தாமதமான காலங்களில், அங்கிருந்த பழைய இரும்பைக் கொண்டே அதனைச் செய்து பொருத்தி, கொழுந்து கெடாமற் காத்த கைகளும் அவையே. பெரும்பாலும் அத்திருத்தம் பேரேட்டிலே ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்வழியாக வந்தது. மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனபோது அங்கேயே நின்றுபோயிற்று. டேவிட்சன் ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதினார், வரைந்தார், பதிவு செய்தார். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் மலைநாட்டுப் பாடசாலைகள் பிள்ளைகளிடம் உண்டாக்கினால், அதற்குப் பெருமுதல் தேவைப்படாது. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.

காலம் இப்போது மாறியிருக்கிறது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 முதல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. மேல்மாடிகளில் சாக்குத்துணியிலே கொழுந்தைப் பரப்பி வாட்டிய முறை போய், கீழிருந்து விசிறி காற்றூட்டும் தொட்டிகள் வந்தன. உயரமான பழைய ஸ்டோர்களின் மாடிகள் வெறுமையாயின. கந்தப்பளையில், முன்னர் நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஓடிய சிறு இருப்புப்பாதையின் வழியில், ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை விடுதியாகவே மாறி, கொழுந்து வாடிய இடத்திலே உல்லாசப் பிரயாணிகள் உறங்குகின்றனர். தோட்டங்களிலே வேலைக்கு ஆள் குறைகிறது. மலிவான கூலி என்ற பழைய நிலை தளரத் தளர, கொழுந்தெடுக்கும் கருவியைப் பற்றிய பேச்சு இங்கேயும் எழுந்திருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கத்தரிகளையும் பிற கருவிகளையும் ஆராய்ந்து வந்திருக்கிறது. சமமாக வெட்டிய வரிசைச் செடிகளுக்கென ஜப்பானில் உருவான கருவிகள், கல்லும் பள்ளமுமான செங்குத்துச் சரிவுகளிலே, ஒழுங்கற்று நிற்கும் பழைய செடிகளுக்கு இலகுவிற் பொருந்துவதில்லை. எந்தச் சரிவில் கால் நிலைக்கும், எந்தச் செடியில் எத்தனை நாளில் கொழுந்து முற்றும், நனைந்த கூடை எவ்வளவு கனக்கும் என்பன ஆராய்ச்சி நிலையத்தாரைவிட நானுஓயாவின் கொழுந்துக்காரிகளுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் பலர் இன்று உயர்தர வகுப்பிலே கணிதமும் பௌதிகமும் படிக்கின்றனர்.